ஐந்தாவது ஓட்டு

"உங்க ஆள்தான் ஓய் வேண்டாம்னுட்டார்" என்றார் மகாதேவன்.

சுயம்புவுக்குக் கேட்டது நிஜம்தானா என்றே சந்தேகம். மாட்டுங்கா கல்லூரியின் ஹெட் கிளார்க் மகாதேவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறுபடி சொன்னார்.

"மாலைக் கல்லூரியைத் தாராவியில திறக்கலாமான்னு ஆலோசனைக் குழுவுல ஓட்டு எடுத்தா. ரெண்டு பேர் திறக்கணும்னா. ரெண்டு பேர் கூடாதுன்னா. அஞ்சாவது ஆள் ஜெயினுலாப்தீன் பாய். வேண்டாம்னுட்டார். காரணம்கூடச் சொல்லலை."

சுயம்புவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? அறுபத்தொன்றில் முதல் மனு கொடுத்தது. மூன்று வருஷமாக, மில்லில் ஷிப்ட் முடிந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் இந்த ஆபீஸ் படியேறியிருக்கிறான். இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கினான். வகுப்பு நடத்தத் தாராவித் தமிழர் சங்கக் கட்டடத்தையே தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தான். கல்லூரிக்கு யோசனை சொல்ல வெளியாட்கள் ஐந்து பேரைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதில் ஒருத்தராவது தாராவிக்காரர் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயினுலாப்தீனை உள்ளே நுழைத்தவனும் அவன்தான். மற்ற நாலு பேரும் தாராவியை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"திறக்கணும்னு சொன்ன ரெண்டு பேரு யாரு சார்?"

"ஒருத்தர் ரிடயர்டு ஜட்ஜ். இன்னொருத்தர் செம்பூர்ல மருந்துக் கம்பெனி மேனேஜர். என்னமாப் பேசினார் தெரியுமோ? உழைக்கற ஜனங்க இருக்கற இடத்துக்குப் படிப்பு போகணும்னார். எனக்கே கண் கலங்கிடுத்து."

எவனோ செம்பூர்க்காரனுக்கு இருக்கிற ஈரம், கூடவே இருக்கிறவனுக்கு இல்லை. சுயம்பு நேரே தாராவிக்கு நடந்தான்.

ஜெயினுலாப்தீன் தமது பட்டறையில் கைப்பைக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டீரு?"

"வாரும் சுயம்பு. இரும்."

"இருக்க வரல. ஆறு மணிக்கு எல்லாவனும் படிக்கக் கெளம்பிட்டா உமக்குப் பை தைக்க ஆளு இருக்காதுன்னுதான வேண்டாம்னீரு?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"கூட்டம் முடிஞ்சப்புறம் காலேஜுல தனியாப் பேசி, மாட்டுங்கா கட்டடத்துலயே சாயங்காலம் வகுப்பு வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் ஜெயினுலாப்தீன். "நம்ம பிள்ளைகளுக்கு நாப்பது எடம். ஒத்துக்கிட்டாங்க."

"யாருக்குவே வேணும் அந்த நாப்பது? அடுத்தவன் வீட்டுல ஓரமா ஒக்காந்து படிக்கவா நான் நாயா அலைஞ்சேன்? நம்ம எடத்துல, நம்ம பேருல ஒரு காலேஜு. போர்டுல தாராவின்னு இருக்கணும். அந்தப் பேரச் சொல்ல உமக்கு வெக்கமா இருக்கா?"

ஜெயினுலாப்தீனின் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த கத்தியை மேஜைமேல் வைத்தார்.

"போர்டுல மட்டுமா இருக்கும்? சர்டிபிகேட்டுலயும் தாராவின்னு இருக்கும். அத யோசிச்சீரா?"

"இருந்தா என்ன?"

"அந்தச் செம்பூர் மேனேஜர் நல்லாத்தான் பேசினாரு. அவரு கம்பெனிக்கு என் தங்கச்சி மகன் போன வருசம் அப்ளிகேசன் போட்டான். தாராவி, பம்பாய்-17ன்னு அட்ரஸ். ஒரு பதிலும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு அதே படிப்பு, அதே மார்க்கு, மாட்டுங்காவுல இருக்க என் கடை அட்ரஸப் போட்டு அனுப்புனான். ஒரே வாரத்துல கூப்பிட்டாங்க."

"அத அங்கயே அவரு மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்க வேண்டியதுதான?"

"அத்தனை பேரு முன்னாடி, எங்க ஊர் பேரச் சொன்னா எங்க பிள்ளைகளுக்கு வேலை கெடைக்காதுன்னு எப்படிச் சொல்ல? வாய் வரல சுயம்பு."

"அதுக்காவ நாமளே ஒளிச்சு வைக்கணுமா?" சுயம்பு மேஜையில் ஓங்கி அடித்தான். "அவன் கேவலமா நெனைக்கான்னு நாமளும் மறைச்சா, அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சொந்த எடத்தச் சொல்லக் கூசுறவன் நாளைக்குப் பெத்த தாயையும் வேலைக்காரின்னு சொல்லுவான். அவன்லாம் மனுசனே இல்ல பாய்."

பட்டறையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஜெயினுலாப்தீன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையைத் துழாவி ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"காலையில மாட்டுங்கா கடைக்கு வந்துச்சு. அதே செம்பூர் கம்பெனிதான். உம்ம தங்கச்சி செண்பகவல்லிக்கு. இன்டர்வியூவாத்தான் இருக்கும். கொண்டுபோய்க் குடும்."

வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், ஸ்டாம்பு ஒட்டித் தங்கள் விலாசத்தைத் தாங்களே எழுதி ஒரு கவரையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். பதில் அந்தக் கவரிலேயே வரும்.

சுயம்பு வாங்கிப் பார்த்தான். 'கேர் ஆஃப் ஜெயினுலாப்தீன், மாட்டுங்கா, பம்பாய்-19' என்று அதில் எழுதியிருந்தது, அவனுடைய கையெழுத்திலேயே.