அக்காவுக்கு உள்ளதெல்லாம்

அக்கா அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெட்போன், பெரிய காபிக் கோப்பை, ஒரு பச்சை டென்னிஸ் பந்து. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்டு ஊழியர்களும் வேலை பார்ப்பதுபோல் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஒரு வாரமாகப் பிடிகொடுக்காதவள் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

பள்ளி வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் மென்பொருள்தான் அவர்கள் தொழில். அக்கா தனியாளாக ஆரம்பித்த கம்பெனி. அதை வாங்க வந்த பெரிய கம்பெனி, மென்பொருள் போதும், ஆட்கள் வேண்டாம் என்றது. தம்பி உடனே தலையாட்டினான். எட்டுப் பேரைத் தெருவில் விட முடியாது என்று அக்கா ஆணியடித்தாற்போல் நின்றாள்.

மென்பொருளை அந்தப் பெரிய கம்பெனிக்கு அனுப்பவும், அனுப்புவதைத் தடுக்கவும் இவர்கள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அவன் அனுப்பினால் அவள் தடுத்துவிடுவாள். முதலில் அவள் அனுமதியைப் பிடுங்க வேண்டும்.

அவன் வேலையில் சேர்ந்த நாளில், தன் அனுமதிக்கான நிரலைத் தானே எழுதிக்கொண்டான். என் அனுமதிப் பதிவை நகல் எடுத்து உனக்குத் தனியாக வைத்துக்கொள் என்றாள் அக்கா. அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? ‘தம்பி = அக்கா’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அக்காவுக்கு உள்ளதெல்லாம் எனக்கும் என்று சிரித்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ரகம் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

“நீயே விட்டுக் கொடுத்துட்டுப் போயிடுக்கா. மரியாதையா இருக்கும்.”

“மாட்டேன். தைரியம் இருந்தா உன் கையாலேயே அழி.”

“அழிச்சா இந்தக் கதவுகூட உன் அடையாள அட்டைக்குத் திறக்காது.”

“தெரியும். அழி.”

எதையாவது உருட்டிக்கொண்டிருந்தால்தான் அவனுக்கு யோசனை ஓடும். மேஜைமேல் எதையோ துழாவிய கை, கிடைக்காமல் விசைப்பலகைக்கு வந்தது. அக்கா என்ற பெயரில் பதிவைத் திறந்து, உள்ளே இருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக அழித்தான். அக்கா முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இனி எல்லாம் தான்தான் என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டு வந்து மென்பொருளை அனுப்பலாம், அதற்குள் அக்கா மூட்டை கட்டி முடிக்கட்டும் என்று அவனுக்கு ஒரு பெருந்தன்மை. கைப்பிடியைத் திருகி வெளியே போனான். வெளியே போக அட்டை தேவையில்லை, உள்ளே வரத்தான் தேவை.

நன்றாகவே பேசினான். பேசி முடித்துத் திரும்பி வந்து அட்டையைக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டுக் காட்டினான். அப்போதும் சிவப்புதான். முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள்.

“அக்கா, மெஷின் மக்கர் பண்ணுது. திற.”

அவள் நிதானமாகக் கதவருகே வந்தாள்.

“மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு. அன்னைக்கு நான் நகல் எடுன்னேன், நீ சமக்குறி போட்ட. அது உனக்குத் தனிப் பதிவு இல்லடா, என் பதிவுக்கே இன்னொரு பேரு. என் பேருல அழிச்சது உன் பேருலயும் போயிடுச்சு.”

அவன் இன்னொரு முறை அட்டையைக் காட்டிப் பார்த்தான்.

“இப்ப உன்னாலயும் அனுப்ப முடியாது, என்னாலயும் முடியாது. யாரும் விக்க முடியாது. அதுதான் எனக்கு வேணும்.”

கதவைப் பெட்டி நுழையும் அளவுக்குத் திறந்து, பெட்டியைக் காலால் வெளியே தள்ளினாள்.

“உன் பெட்டியை ஏன் என்கிட்ட தள்ற?”

“என்னோடது இல்லடா. உன் சாமான்.”