அடுப்பில் தூவிய மாவு

செருப்பை வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைவது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. தலைவலி என்று சொல்லி ஆபீசில் அரை நாள் லீவு வாங்கியிருந்தாள். தலைவலியெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு டம்ளர்தான் அவளை இத்தனை தூரம் கிளப்பிக் கொண்டுவந்திருந்தது.

இல்லாத டம்ளர்.

போன மாதம் கரண்ட் அடுப்பின் மேல் கிடந்த பிளாஸ்டிக் தட்டு உருகி வழிந்தது. போன வாரம் கரித்துணி கருகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டும் அளவுக்குப் புகை. இரண்டு முறையும் வீட்டில் இருந்தவர் மாமனார் மட்டும்.

அவரும் பொட்டுவும்.

பொட்டு என்பது பூனை. நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம். மாடிப்படியில் குட்டியாகக் கிடந்ததை மாமா எடுத்துவந்து, கீழே விடாமல் வளர்க்கிறார்.

முதல் முறை, உருகிய பிளாஸ்டிக்கைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே அவள் பொதுவாகச் சொன்னாள்.

"இது மட்டும் பூனை வேலைன்னு தெரியட்டும். சாக்குல கட்டி மார்க்கெட்ல விட்டுட்டு வந்துருவேன்."

"நான்தாம்மா," என்றார் மாமா உடனே. "டீ போட்டுட்டு அணைக்க மறந்துட்டேன்."

இரண்டாம் முறை யாரும் கேட்கவே இல்லை. அதற்குள் நான்தான் என்றார்.

அவள் கணவன் தனபால் பயந்துபோனான். இனி அப்பா அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டான்.

எல்லாம் சரி. டீ போட்டவர் எதில் குடித்தார்?

முதல் முறை சிங்க்கில் டம்ளர் இல்லை. வடிகட்டி காய்ந்து கிடந்தது. பால் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. அன்றைய கோபத்தில் இதெல்லாம் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. பிறகு ஏறியது, இறங்க மறுத்தது.

அதனால்தான் இன்று காலை அடுப்பைச் சுற்றி இருந்ததையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு, அதன் கண்ணாடியில் அரிசி மாவை லேசாகத் தூவிவிட்டுப் போனாள். திருகு இல்லாத அடுப்பு. தொட்டால் போதும். முதல் தொடலுக்குச் சிவப்புப் புள்ளி மின்னும். அடுத்த தொடலுக்குச் சூடேறும்.

தொடுவது யார் என்று பார்த்துவிடலாம்.

ஹாலில் மாமாவின் நாற்காலி இல்லை.

அது அடுப்படி வாசலுக்கு வெளியே இருந்தது. கோடு போட்ட மாதிரி, ஒரு கால்கூட உள்ளே போகாமல். மாமா இவளுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே வராதீர்கள் என்றதற்கு வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதர்.

இப்போது தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலை சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்தது.

பொட்டு அவர் மடியிலிருந்து நழுவியது.

அடுப்பு மேடைக்குத் தாவியது. மாவை முகர்ந்து பார்த்துத் தும்மியது. பிறகு ஒரு காலை நீட்டி, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டது.

பீப்.

காதை விடைத்துக்கொண்டு, மின்னும் சிவப்புப் புள்ளியையே பார்த்தது. அதற்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. மறுபடி காலைத் தூக்கியது.

மாமா திடுக்கிட்டு விழித்துக் கைத்தடியை நீட்டினார்.

"எறங்குடா. இன்னொரு வாட்டி நான்தான்னு சொன்னேன், அப்புறம் என்னையத்தான் சாக்குல கட்டுவாங்க."

பொட்டு இறங்கி வந்து அவர் மடியிலேயே ஏறிக்கொண்டது. நீலக் கைலியில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். சிரிப்புதான் முதலில் வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

சுவரில் சுவிட்ச் போட்டே கிடந்தால்தானே அது மின்னும். காலையில் அந்த அடுப்பில் சமைப்பது அவள் மட்டும்தான். சோறு, குழம்பு, இரண்டு டிபன் பாக்ஸ், பஸ் போய்விடுமே என்று ஓட்டம். சுவிட்சை அணைத்ததாக ஒரு நாள்கூட அவளுக்கு நினைவில்லை.

மறதி டாக்டரிடம் நேரம் வாங்கியது அவருக்கு.

கன்னம் சுட்டது. அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்தவள் போலக் காலிங்பெல்லை அடித்தாள். கதவைத் திறந்த மாமாவிடம் தலைவலி என்றாள். நேரே அடுப்படிக்குப் போய் சுவிட்சை அணைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தனபால் வந்ததும் வராததுமாகச் சனிக்கிழமைப் பேச்சை எடுத்தான்.

"டாக்டரெல்லாம் வேணாங்க," என்றாள். "சுவிட்ச அணைக்காமப் போனது நான்தான்."

"இல்லப்பா, நான்தான்," என்றார் மாமா அவசரமாக.

தனபால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் மாமாவின் கைலியைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். அப்போதுதான் கவனித்தார் போல. வெள்ளைக் காலடிகளின் மேல் மெதுவாகக் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மடியில் பொட்டு தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"மார்க்கெட்டுக்கெல்லாம் யாரும் போகல மாமா," என்றாள். "நாளைக்கு மத்தியானம் தூங்குங்க."