சோத்தாங்கைப் பக்கம்

கோரமண்டல் குழாயடியில் இதைச் சொன்னவர், தண்ணீர் பிடிக்க வந்த கிருஷ்ணம்மா. கேட்டது 2025 ஆடியில். அவர் சொன்ன வரிசை மாறாமல் இங்கே.

தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்துத் தொழிலாளர் லைன் வீடுகளையும் பக்கத்துக் கன்னடப் பஞ்சாயத்து ஊரையும் சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கினார்கள். லைனுக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் சுந்தரராஜ். ஊருக்குத் திறந்துவிட்டவன் மஞ்சுநாத். இருவரும் தினக்கூலி. புது நகராட்சியில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று.

"நாளைக் காலையில ஒருத்தர் வால்வை இன்னொருத்தர் மூடணும். தப்பில்லாம மூடுறவருக்கு வேலை" என்றார் அதிகாரி.

அன்று சாயங்காலமே மஞ்சுநாத் சுண்ணாம்பு டப்பாவோடு லைனில் நின்றான். வால்வுக் குழியின் மூடிமேல், இடப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி.

"இன்னாப்பா, எங்க லைன்ல கோலம் போட வந்தியா?" என்றார் சுந்தரராஜ்.

"உங்க கம்பெனி வால்வு உல்டா அண்ணா. எடப்பக்கம் திருப்பினாதான் மூடுது. எங்களுது வலப்பக்கம். பதட்டத்துல கை மறந்துடும்ல?"

"போடு, போடு. சுத்தி பூவும் போடு."

சுந்தரராஜுக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் கைக்குள் வைத்திருந்த வித்தையை இவன் ஒரு கோட்டில் கொண்டுபோவதா? அவன் தலை மறைந்ததும், ஈரச் சாக்கால் அம்பைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் மஞ்சுநாத் குழியருகே வந்தான். மூடியைப் பார்த்தான். அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னாய்யா, சாமி வருதா?" கூட்டம் சிரித்தது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மஞ்சுநாத்தின் கை பழக்கத்தில் வலப்பக்கம் போயிற்று. முறுக்கினான். தண்டு முறிந்து, குழி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர்.

"உன் சான்ஸ் முடிஞ்சதுப்பா."

மஞ்சுநாத் நனைந்த சட்டையோடு சுந்தரராஜை ஒரு தரம் பார்த்தான். அவ்வளவுதான்.

அடுத்து ஊர் வால்வு. சுந்தரராஜ் மூடியைப் புரட்டிப் போட்டுச் சாவியைப் பொருத்தினார். ஊரே குழியைச் சுற்றி நின்றது. வலப்பக்கம் என்று வாய் முணுமுணுக்க, கை இடப்பக்கமே இழுத்தது.

அப்போதுதான் கண் மூடியின் அடிப்பக்கம் போயிற்று.

அங்கே சுண்ணாம்பில் தமிழ். தமிழ் எழுதத் தெரியாத ஒருவன் யாரிடமோ கேட்டுக் கோணலாக வரைந்த எழுத்துகள்:

'அன்னா, சோத்தாங்கய் பக்கம்.'

சுந்தரராஜ் வலப்பக்கம் திருப்பினார். வால்வு மூடியது. வேலை கிடைத்தது. அம்பைத் துடைத்ததை அவர் அதிகாரியிடம் சொல்லவேயில்லை.

லைனில் எல்லோரும் இப்படித்தான் முடிக்கிறார்கள். ஊரில் இன்னொரு பாடமும் உண்டு: "அண்ணா சாவியைக் கீழ வச்சுட்டு, நான்தான் துடைச்சேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. வேலையை நீங்களே வச்சுக்குங்கன்னு நான்தான் சொன்னேன்."

அந்தப் பாடத்தைச் சொல்பவன் மஞ்சுநாத் ஒருவனே.