மேலே மட்டும் வேண்டாம்

"இந்த வீட்ல நாங்க ரெண்டே பேர்தாம்மா" என்று வீட்டம்மா மறுபடியும் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

நகராட்சியிலிருந்து வந்திருந்த பெண் தலையாட்டிக்கொண்டே குளியலறை ஹீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். வீடுகளில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து, நகராட்சிச் செலவிலேயே சரிசெய்து கொடுக்கும் திட்டம் அது. அதற்கு எழுதிப் போட்டவர் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"ரெண்டு பேருக்கு வெந்நீர் ரொம்ப ஜாஸ்தியா செலவாகுதேம்மா?"

"நான் அடிக்கடி குளிப்பேன்."

"இந்தக் குளிர்லயா?"

"எனக்கு எப்பவும் புழுக்கமா இருக்கும்" என்றாள் வீட்டம்மா, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று அந்தப் பெண் கூடத்துக்கு வந்து தன் கேமராவை எடுத்தாள். சூடான இடத்தைச் சிவப்பாகவும் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டும் கேமரா. ஜன்னல் நீலம், கதவிடுக்கு நீலம், பரணுக்கு அடியில் அடித்திருந்த மெல்லிய பலகை முழுக்க நீலம். அதன் நடுவில் மட்டும் சிவப்பாக ஒரு தலை, இரண்டு தோள், மடக்கிய கால்கள்.

அவள் கேமராவைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். சிவப்பு சாவகாசமாக ஒருக்களித்துப் படுத்தது.

"மேலே யாரும்மா?"

வீட்டம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"திருடனெல்லாம் இல்ல கண்ணு, என் பையன்தான். வெளிநாட்டு வேலைன்னு போனான். போய் இறங்கின கொஞ்ச நாள்லயே கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அப்பா முன்னாடி நிப்பேன்னு ஒரே அழுகை. வேற வேலை கிடைக்கிறவரைக்கும் இருடான்னு பரண்ல ஏத்திவிட்டேன்."

"எப்ப வந்தான்?"

"மழை ஆரம்பிச்ச சமயம்."

"ஐயாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிடும்மா அவருக்கு. தெருவையே கூட்டிட்டுப் போய் வழியனுப்பி வச்ச மனுஷன். இப்பவும் பார்க்கிறவங்ககிட்டல்லாம் பையன் பெருமைதான் பேசிட்டு வருவார்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ குளிர் இறங்காம இருக்கக் கூரைக்கடியில பஞ்சு அடிக்கணும்னு எழுதினா ஆளுங்க பரண்ல ஏறுவாங்க. எல்லாம் வெட்ட வெளிச்சமாயிடும். உனக்குப் புண்ணியமாப் போகும், மேலே மட்டும் வேண்டாம்னு எழுதிடு."

பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. பரணில் இருப்பவனை நினைத்தா, பால் வாங்கப் போனவரை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது வாசலில் இருமல் கேட்டது. வாழ்நாளெல்லாம் ஹாரன் அடித்துப் பழகியவரின் இருமல். கேட்டைத் திறக்கும்போது ஒரு முறை, செருப்பைக் கழற்றும்போது ஒரு முறை என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி இருமிவிட்டு, கொஞ்சம் நின்று, டிரைவர் உள்ளே வந்தார்.

"மழையில பிடிச்சது. எந்த மருந்துக்கும் அடங்கல" என்று வீட்டம்மா முணுமுணுத்தாள்.

"எல்லாம் பார்த்தாச்சா?" என்றார் டிரைவர். "மேலே பார்த்தியாம்மா? மேலேதான் முக்கியம். எங்கே, அந்த மிஷினைக் காட்டு."

"சார்ஜ் போயிடுச்சுங்க ஐயா" என்று பெண் கேமராவை அவசரமாகப் பைக்குள் போட்டாள்.

தலைக்கு மேலே தொம்மென்று ஒரு சத்தம்.

"எலி" என்றாள் வீட்டம்மா.

"பூனை" என்றாள் அதே நேரத்தில் நகராட்சிப் பெண்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா இருக்கு போல. பரவாயில்ல, ஒத்துமையா இருந்தா சரி" என்று பால் பாக்கெட்டுகளை மனைவியிடம் கொடுத்தார். பிறகு பெண்ணின் பக்கம் திரும்பி, "என் பையன் வெளிநாட்டுல இருக்கான், தெரியுமா? கெட்டிக்காரன். எங்கே விட்டாலும் பிழைச்சுக்குவான்" என்றார், அந்தச் சின்னக் கூடத்துக்குத் தேவைக்கு மேலேயே சத்தமாக.

வீட்டம்மா பாலை எடுத்துக்கொண்டு விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

பெண் ஜன்னலுக்கும் கதவுக்கும் மட்டும் வேலை எழுதிக்கொண்டு கிளம்பினாள். டிரைவர் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"மேலே வேலை செய்ய ஆளுங்க எப்ப வருவாங்க?"

"மேலே தேவையில்லைங்க ஐயா. நல்லாத்தான் இருக்கு." வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

"என்னம்மா இப்படிச் சொல்ற? அதுக்காகத்தானே நான் எழுதியே போட்டேன். பலகை ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. இந்தக் குளிர் உடம்புக்கு ஆகுமா? நல்லா கனமா பஞ்சு அடிக்கச் சொல்லு. ஆளுங்க வர்ற அன்னைக்கு மட்டும் எனக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுடு."

எப்படியாவது பேச்சை மாற்றியாக வேண்டும் அவளுக்கு. "கூரை கிடக்கட்டும் ஐயா. முதல்ல இந்த இருமலுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க."

டிரைவர் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஏதும்மா இருமல்? அவன் ஏணி ஏறுறதுக்கு நேரம் குடுக்க வேண்டாமா?"