டீச்சர் வீட்டு மாடி

நரேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காக்ஸ் டவுன், பியாட்ரிஸ் டீச்சர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு, கையில் அளவு டேப்போடு வெளியே வந்தவர் முனிகிருஷ்ணன். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளைக் கட்டிய பழைய கான்ட்ராக்டர்.

'ஓகோ, டீச்சர் இழுத்தடிப்பதற்குக் காரணம் இந்தப் பெருச்சாளிதானா!'

பிளான் அப்ரூவல் ஆன வீடுகளின் பட்டியல் மாநகராட்சி இணையதளத்தில் வரும். யார் கட்டப்போகிறார்கள், எந்தத் தெரு, எத்தனை மாடி, எல்லாம் அதில் இருக்கும். கான்ட்ராக்டர்களுக்கு அதுதான் பஞ்சாங்கம். முகூர்த்தம் யார் வீட்டில் என்று பார்த்து, முந்திப் போய்க் கதவைத் தட்டுகிறவனுக்கே வேலை. நரேஷ் முந்தித்தான் போயிருந்தான். அப்படித்தான் நினைத்திருந்தான்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கி அரை வருஷம் ஓடிவிட்டது. இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை. இதுவும் நழுவினால் பழைய முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

டீச்சர் தனியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில்.

"மகன் வர்றான் தம்பி. அவனுக்குத்தான் மாடி" என்றார் முதல் நாளே.

டீ, அச்சு முறுக்கு, உபசாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. காரியம்தான் நகரவில்லை. முதல் வாரம் படிக்கட்டு இடது பக்கம் என்றார். அடுத்த வாரம் வலது பக்கம். அதற்கடுத்த வாரம் பால்கனி. ஒவ்வொரு முறையும் கேட் வரை வந்து, "அடுத்த வியாழக்கிழமை வா தம்பி. அன்னிக்குத்தான் நான் சும்மா இருப்பேன்" என்று வழியனுப்புவார்.

பொறுக்க மாட்டாமல் இந்தத் தடவை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டான். வந்ததும் நல்லதாயிற்று. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று!

முனிகிருஷ்ணன் எதிரே இருந்த பேக்கரிக்குப் போனார். நரேஷும் பின்னாலேயே போனான்.

"என்ன சார், இது என் பார்ட்டி."

"யாரு?"

"பியாட்ரிஸ் டீச்சர். நாய் மாதிரி அலைஞ்சு எஸ்டிமேட் குடுத்திருக்கேன். நடுவுல பூந்து ரேட்டை ஒடைக்கறீங்களே, உங்க வயசுக்கு இது அழகா?"

முனிகிருஷ்ணன் கோபப்படவில்லை. இரண்டு டீ சொன்னார்.

"உக்காருப்பா. நீயும் லிஸ்ட் பாத்துத்தான் வந்தியா?"

"பின்னே? போன மாசம் அப்ரூவ் ஆன பிளான்."

"அது ரெண்டாவது பிளான். மொத பிளான் லிஸ்ட்ல வந்தப்பவே நான் வந்துட்டேன். வருஷக்கணக்கா ஆச்சு."

"அப்ப ஏன் இன்னும் கட்டலை?"

"கட்ட மாட்டாங்க. மகன் அங்கேயே வீடு வாங்கிட்டான். இனிமே வர்றதா இல்லேன்னு சொல்லிட்டான்."

"அப்ப அந்தம்மா என்னை ஏமாத்தியிருக்காங்க! கட்டாத மாடிக்கு எதுக்கு சார் பிளான்? பிழைக்கிறவன் பொழப்பு அவங்களுக்கு விளையாட்டா?"

முனிகிருஷ்ணன் டீயை ஆற்றிக் குடித்தார்.

"அவங்க வீட்டுக்காரர் போனப்புறம் அந்த பெல்லை அடிச்சது கேஸ் சிலிண்டர்காரன் மட்டும்தான். மொத பிளான் லிஸ்ட்ல ஏறுச்சு பாரு, அந்த வாரமே நாங்க அத்தனை பேரும் போய் நின்னோம். டீச்சருக்கு டீ போட்டு மாளலை. அப்புறம் பிளான் காலாவதி ஆச்சு. லிஸ்ட்லேருந்து பேரு போச்சு, ஆளும் நின்னு போச்சு."

"அதுக்கு?"

"ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தேன். டீச்சர் கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. 'என்ன முனி, இப்பல்லாம் யாரும் அளக்கவே வர்றதில்லையே'ன்னாங்க. அடுத்த மாசம் மறுபடியும் பிளானுக்கு எழுதிப் போட்டுட்டாங்க."

நரேஷ் டீயைக் கீழே வைத்தான்.

அளவெடுக்கப் போனபோது டீச்சர் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பார்த்த சாக்பீஸ் கோடுகள் நினைவுக்கு வந்தன. அழிந்தும் அழியாமலும், ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ பேர் எடுத்த அளவுகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிறுக்கியது என்று அன்று அவன் நினைத்திருந்தான். நெஞ்சை என்னவோ செய்தது. ஆனாலும் வேலை போனது போனதுதானே. அந்த ஆற்றாமையும் அடங்கவில்லை.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு, நீங்க எதுக்கு சார் இன்னும் டேப்பைத் தூக்கிட்டுப் போறீங்க?"

"செவ்வாய் என் முறைப்பா. திங்கக்கிழமை டைல்ஸ்காரர். புதன் ஜன்னல் போடற அன்வர். வெள்ளிக்கு பெயிண்டர், சனிக்கு பிளம்பர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமைதான் சர்ச் இருக்கே."

முனிகிருஷ்ணன் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்.

"லிப்ட் மாட்டறவர் ஓசூருக்குப் போனதிலேருந்து வியாழக்கிழமைதான் ஆளில்லாம கெடந்துச்சு. 'வியாழக்கிழமைக்கு ஒரு தம்பி வர்றான் முனி'ன்னு டீச்சர் இப்பத்தான் சந்தோஷமா சொன்னாங்க. வருவே இல்ல?"