இன்னொரு கரண்டி ஈஸ்ட்

வாற்கோதுமைச் சாறு மரத்தொட்டியில் இளஞ்சூடாக ஆவி விடுகிறது. கொட்டகையின் ஒற்றை ஜன்னலில் மாலை வெளிச்சம் சாம்பலாகப் படிந்திருக்கிறது. ஹால்வார் ஒரே ஒரு கரண்டி ஈஸ்ட்டை ஊற்றுகிறார். தொட்டி எத்தனை பெரிதானாலும் இந்தப் பள்ளத்தாக்கு ஈஸ்ட்டுக்கு ஒரு கரண்டி போதும். ஆனால் ஊற்றும்போது வீடே சேர்ந்து கத்த வேண்டும், இல்லாவிட்டால் அது கண்விழிக்காது என்பது இங்கே பழைய நம்பிக்கை. நான்கு குரல் எழும்பிய கொட்டகையில் இப்போது அவர் ஒருவர்தான். அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். கத்தி முடித்ததும் கொட்டகை முன்னைவிட அமைதியாகிவிடுகிறது. அப்போது கதவு படாரென்று திறக்க, ஓஸ்லோவிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சிக்னே, ஈரப் புல் ஒட்டிய சாக்ஸ் காலோடு மூச்சிரைக்க நிற்கிறாள். "விழுந்துட்டீங்களா? அடிகிடி பட்டுச்சா?" "இல்லம்மா, பியருக்கு ஈஸ்ட் போட்டேன்." "அதுக்கா இந்தக் கூப்பாடு? எனக்கு உயிரே போயிடுச்சு! எவ்வளவு போட்டீங்க?" "ஒரு கரண்டி." "ஒரு கரண்டிக்கே இப்படியா!" சிரித்துக்கொண்டே போகிறாள். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. ஹால்வார் தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு ஈஸ்ட் ஜாடியை மறுபடி திறந்து, வேண்டாத இரண்டாவது கரண்டியை மொண்டு, கதவுப் பக்கமாகத் திரும்பி நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார்.