முன்னால் நடப்பவர்

"ஏம்ப்பா எப்பவும் தரையப் பாத்தே நடக்குற?" என்று மகள் ஒருமுறை கேட்டபோது லூர்துசாமி சிரித்து மழுப்பிவிட்டார். பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் கண்ணிவெடி தேடியவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை கேட்டபோது மேலாளர், "இங்க ஏதுய்யா கண்ணிவெடி? கேட்டைத் திறந்து மூடினா போதும்" என்றார்.

ஐப்பசி மழையில் தெரு மூழ்கியது. சாக்கடை மூடிகளை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். காலையில் பால்காரர் ஒருவர் உள்ளே விழுந்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் நெருங்கியது. லூர்துசாமி மேலாளரை போனில் அழைத்தார்.

"சார், ஒரு மணி நேரம் வெளிய போகணும்."

"கேட்டை விட்டுப் போனா, அப்படியே வீட்டுக்குப் போயிடு மிலிட்டரி."

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மூங்கில் கழியோடு தண்ணீரில் இறங்கினார். சாண் சாணாகக் குத்திப் பார்த்து மூன்று குழிகளைக் கண்டுபிடித்தார். முறிந்து கிடந்த நீண்ட கிளைகளை அவற்றில் செருகினார். தெருவில் ஒருவரும் இல்லை.

ராணுவத்தில் அவர் காய்ச்சலில் கிடந்த ஒருநாள், அவருக்குப் பதிலாகக் கண்ணிவெடி தேடி முன்னால் நடந்த நண்பன் மாடசாமி திரும்பி வரவில்லை.

"இன்னைக்கு நான் போறேன்டா" என்று மெல்லச் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு, லூர்துசாமி அடுத்த அடியை வைத்தார்.